பன்னிரண்டு பேருக்கும் குளோரைடு

எங்கள் பள்ளியின் இப்போதைய வேதியியல் ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பொய் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்.

பெயர் போடவில்லை. போட்டால் ஆண்டு மலர்க் குழு வெட்டிவிடும். யாரைச் சொல்கிறேன் என்று கொடைக்கானலில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

போன மாதம் மலர்க் குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, முப்பத்தொரு வருஷம் லேப்ல இருந்திருக்கீங்க. அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க. சந்தோசமா இருக்கணும். யாரையும் திட்டிராதீங்க" என்றார்கள். எழுதுகிறேன், சந்தோஷமாகவே எழுதுகிறேன். திட்ட மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

எழுத உட்காரும் முன் பழைய இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆய்வகத்துக்குப் போனேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் இருந்தார்கள். பெயர் சொல்லாமல் ஓர் உப்பைக் கொடுப்பார்கள். அதில் என்னென்ன அயனி இருக்கிறது என்று பிள்ளைகள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அந்த வகுப்பு. நான் போனபோது சோதனைக் குழாய்கள் எல்லாம் காய்ந்துபோய்த் தாங்கியில் நின்றன. சுவரில் யாரோ சோதனை செய்கிற படம் ஓடியது. பிள்ளைகள் கையில் அச்சடித்த நோட்டு. நோட்டில் மூன்று பத்தி: சோதனை, காண்பது, அறிவது. மூன்றையும் அச்சகமே நிரப்பிக் கொடுத்திருந்தது. 'வெண்மையான தயிர் போன்ற வீழ்படிவு உண்டாகிறது' என்று அச்சில் இருக்க, பக்கத்தில் ஒரு பையன் சரி போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா வீழ்படிவு?" என்று கேட்டேன்.

"நோட்லயே இருக்கே சார்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் பக்கத்தைப் புரட்டினேன். எங்கள் காலத்தில் முதல் சோதனை வெறும் தண்ணீர்ச் சோதனை. உப்பே போடாமல், தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதிப்பது. அது நோட்டில் இல்லை. ஆசிரியரிடம் கேட்டேன். "அதெல்லாம் டைம் வேஸ்ட்டுண்ணே. ரிசல்ட் வேணும்ல" என்று சிரித்தார்.

சிரித்தீர்கள் அல்லவா, இப்போது படியுங்கள்.

எனக்கு ஊர் இதே மலையில் பூண்டி. பி.எஸ்ஸி. படித்தேன், ஒரு பாடம் கடைசி வரை தேறவில்லை. இரண்டு வருஷம் காரட் மூட்டை ஏற்றினேன். பிறகு இந்தப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. குழாய் கழுவுவது, அமிலம் கலப்பது, உடைந்ததற்குக் கணக்கு எழுதுவது எல்லாவற்றையும் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துவிடும், தோல் உரிந்தால்தான் போகும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் என் விரலைப் பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு ஏதும் வியாதியா?" என்று என் மாமாவிடம் தனியாகக் கேட்டார்கள். மாமா, "இல்ல, கெமிஸ்ட்ரி" என்றார். அதைவிடப் பெரிய வியாதி என்று நினைத்து இரண்டு நாள் யோசித்துத்தான் சரி சொன்னார்கள்.

மலையில் ஆய்வகம் நடத்துவது தனிச் சோலி. கீழே இருக்கிறவர்களுக்கு அது புரியாது. மார்கழி தையில் கேஸ் சிலிண்டர் குளிர்ந்துபோய், பர்னரில் சுடர் அகல் விளக்கு மாதிரி நிற்கும். காலையில் முதல் வேலையாகச் சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வெயில் காய வைப்பேன். வழியில் போகிற பையன்கள், "ஏலே, சிலிண்டருக்குச் சளி பிடிச்சிருக்குலே" என்பார்கள்.

மூடுபனி இன்னும் மோசம். அம்மோனியம் இருக்கிறதா என்று பார்க்க, உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கம்பியைக் குழாயின் வாயருகே காட்ட வேண்டும். அம்மோனியா வந்தால் வெள்ளையாகப் புகை கிளம்பும். ஒரு நாள் நாலு பேர் ஒரே நேரத்தில் "எனக்கு அம்மோனியம்!" என்று கத்தினார்கள். போய்ப் பார்த்தால் ஜன்னல் திறந்து கிடக்கிறது, ஏரிப் பக்கத்திலிருந்து மூடுபனி உள்ளே வந்து மேஜை மேஜையாக நின்றுகொண்டிருக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். நாலு அம்மோனியமும் காணாமல் போயின.

அப்போது வேதியியல் நடத்தியவர் திலகவதி டீச்சர். அவருக்குச் சத்தம் போடத் தெரியாது. செய்முறை வகுப்பு முழுக்க இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பையில் விட்டுக்கொண்டே நடப்பார். பிள்ளைகளின் குழாயைத் தொட மாட்டார். யாராவது "குளோரைடு மிஸ்" என்றால், "பாத்தியா, நெனச்சியா?" என்று மட்டும் கேட்பார். பிள்ளை திரும்பிப் போய்க் குழாயை மறுபடி பார்க்கும்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் நடுவில் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அடித்தது அடியில் தெரிய வேண்டும். ரப்பரோடு பிடிபட்டால் ரப்பர் என் அலமாரிக்கு வந்துவிடும். நான் ஓய்வு பெறும்போது அலமாரியில் ஒரு டப்பா நிறைய ரப்பர் இருந்தது.

இரண்டாவது, தண்ணீர். உப்பைக் கரைக்கிற தண்ணீரிலேயே அயனி இருந்தால் சோதனை கெட்டது. காய்ச்சி வடித்த தண்ணீர் கீழேயிருந்து எப்போதாவது காய்கறி லாரியில் ஏறி வரும், அதற்குள் பாதி வருஷம் போய்விடும். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், அது ஆகாது. அதனால் வட்டக்கானலுக்குக் கீழே சோலைக்குள் ஓர் ஓடையை டீச்சரே தேடிப் பிடித்து, சோதித்துப் பார்த்து, அதிலிருந்து எடுத்து வரச் சொன்னார். அதுதான் எங்கள் காய்ச்சி வடித்த தண்ணீர்.

ஒவ்வொரு கேனும் வந்ததும் சோதனை. குழாயை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலச வேண்டும். இரண்டு விரல் உயரம் தண்ணீர் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் நாலு சொட்டு விட்டுக் குலுக்கி, பிறகு சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. குழாயைக் கறுப்புத் தாளுக்கு முன்னால் பிடித்து, நூறு எண்ணும் வரை பார்க்க வேண்டும். கலங்காமல் இருந்தால் குளோரைடு இல்லை. 'சோதித்தேன், குளோரைடு இல்லை' என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேனில் ஒட்ட வேண்டும். ஒரு கேனுக்குப் பத்து நிமிஷம். "ஓடையில யாரு உப்ப அள்ளிப் போடப் போறா டீச்சர்?" என்று ஒரு தடவை கேட்டேன். "தெரியாது. அதான் சோதிக்கிறோம்" என்றார்.

செல்வராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பூண்டிப் பெண். விடுதியில் தங்கிப் படித்தாள். சனி ஞாயிறு வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருவாள். ஒரு திங்கட்கிழமை கார்பனேட் சோதனை. நீர்த்த அமிலம் விட்டதும் நுரைத்துக்கொண்டு வாயு வரும், சுண்ணாம்புத் தெளிநீரைப் பாலாக்கும், வாசனை கிடையாது. இவள் நோட்டில் 'நிறமற்ற, பூண்டு மணமுள்ள வாயு' என்று எழுதி வைத்திருந்தாள். வகுப்பே சிரித்தது.

"பாத்தியா, நெனச்சியா?" என்றார் டீச்சர்.

"மோந்து பாத்தேன் மிஸ். பூண்டு வாசனதான் வந்துச்சு."

"எங்க, கையக் காட்டு."

காட்டினாள். டீச்சர் குனிந்து முகர்ந்துவிட்டு மூக்கைச் சுருக்கினார். "காலையில என்ன செஞ்ச?"

"வெள்ளனே எந்திரிச்சுப் பூண்டுத் தாள் அறுத்துட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன் மிஸ்."

வாயுவை நேராக மூக்கில் வைத்து இழுக்கக் கூடாது, குழாய்க்கு மேலே உள்ளங்கையால் மூக்கின் பக்கம் விசிற வேண்டும் என்பது முறை. அவள் முறைப்படிதான் விசிறினாள், பூண்டு அறுத்த கையால். அந்தக் கையால் விசிறினால் ஆக்சிஜன்கூடப் பூண்டு வாசனைதான் அடிக்கும். டீச்சர் பக்கத்துப் பெண்ணை விசிறச் சொன்னார். வாசனை இல்லை. செல்வராணி எழுதியதை அடிக்கச் சொல்லவில்லை. "கீழ, கையில் பூண்டு இருந்ததுன்னு சேர்த்து எழுது" என்று மட்டும் சொல்லி மதிப்பெண் போட்டார்.

அந்த வருஷம்தான் என் வேலை போகப் பார்த்தது.

ஐப்பசி மழை முடிகிற சமயம் செய்முறைத் தேர்வுக்குத் தண்ணீர் எடுக்கச் சோலைக்குப் போனேன். மூன்று கேன், ஒரு ஜீப். சோலைக்குள் அட்டைப்பூச்சி அப்படி இருக்கும். கல் உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப் போவோம். காலில் ஏறினால் முடிச்சை ஈரத்தில் தோய்த்து அதன்மேல் வைத்தால் உதிர்ந்துவிடும். இலை தழை விழாமல் இருக்கக் கேன் வாயில் வெள்ளைத் துணி கட்டித்தான் தண்ணீரை மொண்டு ஊற்றுவோம். இரண்டு கேன் நிரப்பினேன். மூன்றாவதுக்குத் துணியைத் தேடினால், ஓடையோடு போய்விட்டிருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஜீப்காரர் மேலேயிருந்து, "அண்ணே, வெரசா வாங்க, ரோடு வழுக்குது" என்று கத்துகிறார். உப்பு முடிச்சை அவிழ்த்து, உப்பைக் கொட்டி, ஓர் உதறு உதறி அந்தத் துணியைக் கேன் வாயில் கட்டினேன்.

மழைக்காலத்தில் கல் உப்பு நீர்த்துத் துணியோடு அப்பிக்கொள்ளும். உதறினால் போகாது. மலையில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

பள்ளிக்கு வந்ததும் முதல் கேனைச் சோதித்தேன். சுத்தம். இரண்டாவதைச் சோதித்தேன். சுத்தம். உடம்பெல்லாம் நனைந்து நடுங்கியது, காலில் இரண்டு இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. ஒரே ஓடைதானே என்று மூன்றாவது கேனுக்குச் சோதிக்காமலே சீட்டு எழுதி ஒட்டினேன். 'சோதித்தேன், குளோரைடு இல்லை.' கையெழுத்தும் போட்டேன். சீல் வைத்துத் தேர்வுக்கென்று உள்ளே வைத்துவிட்டேன்.

மாசியில் தேர்வு. வெளித் தேர்வாளர் கீழேயிருந்து வந்தார். குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. முதல் அணியில் பன்னிரண்டு பேர். அவரே உப்புகளைத் தேர்ந்து கொடுத்தார். நாலு பேருக்குக் குளோரைடு, மற்ற எட்டுப் பேருக்கும் சல்பேட்டோ நைட்ரேட்டோ. நான் மூன்றாவது கேனைத் திறந்து எல்லா மேஜைக்கும் தண்ணீர் கொடுத்தேன். சீட்டு ஒட்டியிருந்ததால் அன்று காலையிலும் சோதிக்கவில்லை.

தேர்வு முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் தேர்வாளர் தாள்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏங்க, ஒங்க மலையில குளோரைடத் தவிர வேற உப்பே கெடைக்காதா? பன்னெண்டு பேரும் குளோரைடுன்னு எழுதியிருக்காங்க."

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. சொன்னதுதான் சொன்னீங்க, சரியாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "சார், வாய அளந்து பேசுங்க. நான் சொல்லிக் குடுத்திருந்தா பன்னெண்டும் சரியா இருக்கும்" என்றேன். அது நல்ல பதில் இல்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

முறைகேடு என்று அறிக்கை எழுதப் போவதாகச் சொன்னார். எழுதினால் பன்னிரண்டு பிள்ளைகளின் செய்முறை மதிப்பெண்ணும் போகும். அந்த வருஷத் தேர்ச்சியே போகும். என் வேலையும் போகும். பிள்ளைகள் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். இரண்டு பேர் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

திலகவதி டீச்சர் முதல் தடவையாகக் கைகளை ஸ்வெட்டர் பையிலிருந்து வெளியே எடுத்தார். தப்பாகப் போன எட்டுத் தாள்களையும் வாங்கி மேஜையில் வரிசையாகப் பரப்பினார். "சார், ஒரு நிமிஷம். அடிச்சதுக்கு அடியில என்ன இருக்குன்னு படிங்க."

உலர் சோதனை என்று ஒன்று உண்டு. தண்ணீரே சேர்க்காமல், உப்பின் மேல் நேராக அடர் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்குவது. குளோரைடாக இருந்தால் காரமான வாயு மூக்கில் ஏறும். ஏழு தாள்களில் 'காரமான வாயு வருகிறது' என்று எழுதியிருந்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு கோடு போட்டு அடித்த வரி இருந்தது. சிலதில் 'வாயு வரவில்லை', சிலதில் 'பழுப்பு நிற வாயு'. பிள்ளைகள் முதலில் கண்டதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பிறகு கரைசலில் சில்வர் நைட்ரேட் வெள்ளையாக விழுந்ததும், குளோரைடு என்று நம்பி, மேலே போய்க் கண்டதை மாற்றிவிட்டார்கள்.

எட்டாவது தாள் செல்வராணியுடையது. அதில் அடித்தலே இல்லை. 'உலர் சோதனை: வாயு வரவில்லை. குளோரைடு இல்லை. சில்வர் நைட்ரேட்: வெள்ளை வீழ்படிவு. குளோரைடு இருக்கிறது. பேரியம் குளோரைடு: வெள்ளை வீழ்படிவு. சல்பேட் இருக்கிறது. முடிவு: புரியவில்லை.'

அரசுத் தேர்வுத் தாளில் 'புரியவில்லை' என்று எழுதிய பிள்ளையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"தண்ணி படாத சோதனையில இல்ல. தண்ணி பட்டதும் வருது" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கவேலு, இன்னைக்கு எந்தக் கேன்?"

"மூணாவது, டீச்சர்."

"சோதிச்சீங்களா?"

சீட்டு என் கையெழுத்தோடு எதிரே ஒட்டியிருந்தது. ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. செல்வராணியின் தாள் மேஜையில் கிடந்தது.

"சீட்டு எழுதினேன். சோதிக்கல."

டீச்சர் குழாயைத் தொடவில்லை. "சார், நீங்களே செஞ்சு பாருங்க" என்று தேர்வாளரிடம் நீட்டினார். அவர் கேன் தண்ணீரை எடுத்தார், அமிலம் விட்டார், சில்வர் நைட்ரேட் விட்டார். தயிர் மாதிரி வெள்ளையாக இறங்கியது. அவர் குரங்குக் குல்லாயைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏலே, தண்ணியே குளோரைடுலே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

எப்படி வந்தது என்று தேர்வாளர் கேட்டார். அட்டை, முடிச்சு, துணி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே கேட்டார். பிறகு அவருக்குத் தோள் குலுங்கியது. "அட்டைக்கு வச்ச உப்புக்கா பன்னெண்டு புள்ளைக பரீட்ச எழுதுச்சு!" என்று சிரித்தார். அழுதுகொண்டிருந்த இரண்டும் சிரித்தன. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு நாலு நாள் கழித்துத்தான் சிரிப்பு வந்தது.

தேர்வாளர் முதல் கேன் தண்ணீரைச் சோதித்து, எல்லோருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தார். பன்னிரண்டு பேரும் சரியாக முடித்தார்கள். போகும்போது செல்வராணியிடம், "புரியலன்னு எழுதியிருக்கியே, பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"புரியல சார், அதான் எழுதினேன்" என்றாள்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. இருப்புப் பதிவேட்டை எடுத்து, 'மூன்றாவது கேனைச் சோதிக்காமல் சோதித்ததாக எழுதியது நான்' என்று என் கையால் எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, 'சீட்டை நம்பித் தேர்வன்று கேட்காமல் விட்டது நான்' என்று அவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் நான் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரு கேனையும் சோதிக்காமல் விட்டதில்லை. கூட வேலை பார்த்தவர்கள், "தங்கவேலு மழையக்கூட சோதிச்சிட்டுத்தான் நனைவாரு" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

இப்போது ஆசிரியரிடம் வருகிறேன். ஐயா, நான் யோக்கியன் என்று காட்ட இதை எழுதவில்லை. காணாததைக் கண்டதாக எழுதியவன் நான். அதற்கு ஒரு சீட்டும் ஒரு கையெழுத்தும் போதுமாக இருந்தது. நீங்கள் அதையே அச்சடித்து, நோட்டாகக் கட்டி, ஒரு வகுப்பு முழுக்கக் கொடுக்கிறீர்கள். அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு பேர் கையிலும் உங்கள் நோட்டு இருந்திருந்தால், அடியில் படிக்க அடித்த வரி ஒன்றுகூட இருந்திருக்காது. பிள்ளைகள் தோற்றிருப்பார்கள், நான் திருடன் ஆகியிருப்பேன், தண்ணீர் கடைசி வரை நல்ல தண்ணீராகவே இருந்திருக்கும்.

ஆண்டு விழாவில் உங்களுக்கு மேடை உண்டு, மைக் உண்டு, முன்வரிசையில் பெற்றோர் உண்டு. நானும் வருவேன். தனியாக வந்து, அண்ணே, காபி சாப்பிடலாம் என்று கூப்பிட வேண்டாம். உங்கள் நோட்டை மேடையில் எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடியுங்கள். அதில் ஒரு பிள்ளை 'புரியவில்லை' என்று எழுத எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இடம் விட்டிருக்கிறீர்கள் என்று மைக்கில் சொல்லுங்கள்.